கறுப்பு கிளிப்பில் ஒரு முடிச்சு

ஜூன் 3, செவ்வாய்

அக்கா,

இல்ல, சாகல. உன் ரேடியோ உயிரோடதான் இருக்கு. எப்படிடா தெரியும்னு கேப்பே. தினம் காலைல ஏழு மணிக்கு மொட்டை மாடி ரூம்ல என் செட்டைப் போட்டுட்டு உக்கார்றேன். நீ பேசற பட்டனை அமுத்தறப்ப இங்க அரை செகண்ட் 'கர்'னு ஒரு சத்தம் வருது, உடனே நின்னுடுது. செத்தது கர்ருங்காது. கேக்கறதுக்கு அதுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். பேசறதுக்குப் பத்து மடங்கு வேணும். அது கிடைக்காம மயங்கி விழுது, அவ்ளோதான்.

வோல்ட் அளக்கற மீட்டரை எடு. பட்டனை அமுத்திட்டே முதல்ல பேட்டரி மேல அள. அப்புறம் ரேடியோவுக்குள்ள போற பிளக்குல அள. ரெண்டு நம்பரையும் எழுதி வெள்ளிக்கிழமைப் படகுல அனுப்பு. எதையும் கழட்டாதே.

புயல்ல டவர் விழுந்ததுலேர்ந்து அந்தத் தீவுக்கு இருக்கற ஒரே வாய் இதுதான். மாசக் கடைசில டீச்சருக்குப் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்குன்னு எழுதியிருக்கே. நீ சொன்னாத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி படகை அனுப்பச் சொல்ல முடியும். முந்நூறு வீட்டுக்கு ஒத்தை நர்ஸா இருந்துட்டு 'கொஞ்சம் கவலையா இருக்கு'ன்னு ஒரே வரி எழுதற ஆளு நீ. நானா இருந்தா படகேறி ஓடியிருப்பேன்.

வாலு

*

ஜூன் 6, வெள்ளி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு வரியாகச் செய்தேன். பேட்டரியில் 12.1. பிளக்கில் 8.3. மூன்று முறை பார்த்தேன், அதேதான். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் வயர் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பிய்ந்து கையோடு வந்துவிட்டது. கழட்டாதே என்றாய். நான் கழட்டவில்லை, அதுவாகக் கழன்றது.

டீச்சர் நன்றாக இருக்கிறாள். நான் பயப்படுவது அவளுக்குத் தெரியாது.

இங்கே என் முன்னால் இருக்கும் நோயை நான் சில நேரம் தவறவிடுகிறேன். நீ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு 'கர்' கேட்டுச் சொல்கிறாய். இவ்வளவு தெரிந்தவன் எதற்குடா காலேஜை விட்டாய்? போரடித்தது என்ற கதையை அப்பாவிடம் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 10, செவ்வாய்

அக்கா,

12.1 கிளம்பி 8.3 போய்ச் சேருது. நடுவுல நாலு வோல்ட்டை வயர் தின்னிருக்கு. உப்புக்காத்து வேலை. நீ கச்சிதமா கண்டுபிடிச்சுட்டே. எங்க மொபைல் ரிப்பேர் கடையில மூணு வருஷமா வேலை பார்க்கறவனுக்கு இப்படி அளக்க வராது, பூரா போர்டையும் பிரிச்சுப் போட்டுட்டு முழிப்பான்.

புது வயர் பண்ணி அனுப்பியிருக்கேன். தடிச்ச வயர், நானே பத்த வெச்சது. ஒரு முனை ரேடியோ பிளக். மறுமுனையில ரெண்டு கிளிப், பேட்டரியைக் கவ்வறதுக்கு. ஃப்யூஸ் ஒண்ணு உள்ளயே இருக்கு, ரெண்டு தனியா வெச்சிருக்கேன்.

காலேஜ் பத்திக் கேட்டே. போரடிச்சுது. அப்பாவுக்குச் சொன்னதுதான் உனக்கும். அவரு நேத்துகூட, "மொபைலுக்குக் கண்ணாடி மாத்தற தொழிலதிபர் வந்துட்டாரு, தட்டு வைம்மா"ன்னாரு. சிரிச்சுட்டே சாப்பிட்டேன்.

வாலு

*

ஜூன் 13, வெள்ளி

அன்புத் தம்பிக்கு,

கோபப்படாதே. நான் ஏதோ கெடுத்துவிட்டேன்.

சிவப்பு கிளிப்பை பிளஸ்ஸில், கறுப்பை மைனஸில்தான் மாட்டினேன். மாட்டியதும் 'டப்'. ஃப்யூஸ் போய்விட்டது. மாற்றினேன், மறுபடியும் 'டப்'. இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதைப் போட எனக்குக் கை வரவில்லை.

பிறகு மீட்டரை 'பீப்' வரும் இடத்தில் வைத்து வயரைப் பார்த்தேன். சிவப்பு கிளிப், பிளக்கில் மைனஸ் போட்டிருக்கும் முனைக்குப் போகிறது என்கிறது. அது எப்படி? நீ செய்த வயர் தப்பாக இருக்காது. நான்தான் மீட்டரைத் தப்பாகப் பிடிக்கிறேன். ரெண்டு வயரும் கறுப்பு என்பதால் எனக்குக் குழப்பமாகவும் இருக்கிறது. கறுப்பு கிளிப் வயரில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறதே, அது அவசரத்தில் விழுந்ததா?

டீச்சருக்கு நேற்றே கால் வீங்கிவிட்டது. மாசக் கடைசிவரை தாங்குமா என்று தெரியவில்லை. நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே மாட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 17, செவ்வாய்

அக்கா,

மீட்டர் சரி. நீ சரி. வயர் தப்பு.

முடிச்சு அவசரத்துல விழல. பிளஸ் எதுன்னு எனக்கு அடையாளம் தெரியறதுக்காக நான் போட்டது. எப்பவும் போடுவேன். எனக்கு சிவப்பும் கறுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பச்சையும் பழுப்பும்கூட. கடையில, "அண்ணே, இதுல சிவப்பு எது?"ன்னு சும்மா விளையாட்டு மாதிரிக் கேட்டுப்பேன். அன்னைக்குக் கடையில யாருமில்ல. கிளிப்பை மாத்தி மாட்டிட்டேன். வயரை டெஸ்ட் பண்ணது கிளிப் போடறதுக்கு முன்னாடி.

காலேஜை விட்டதும் இதாலதான். பிராக்டிகல் பரீட்சையில ரெசிஸ்டர் மேல இருக்கற கலர் கோட்டைப் படிக்கச் சொன்னாரு லேப் சார். மீட்டர்ல அளந்து சொல்றேன்னேன். "கலர்கூடத் தெரியாதவன் இங்க எதுக்குடா வந்தே"ன்னாரு, அத்தனை பேர் முன்னாடி. ரெண்டாவது தடவை கேக்க நான் அங்க நிக்கல. சோம்பேறின்னு பேர் வாங்கறது சுலபமா இருந்துச்சு. நீ அப்பாகிட்ட சண்டை போட்டு வாங்கின சீட்டு அது. அதான் உன்கிட்டகூட சொல்ல வாய் வரல.

இப்ப வேலையைப் பார்ப்போம். ஃப்யூஸைத் தொடறதுக்கு முன்னாடி ரேடியோ பின்னாடி இருக்கற ரெண்டு முனைலயும் மீட்டரை 'பீப்'ல வெச்சுப் பாரு. மீட்டர் கம்பி ரெண்டையும் இடம் மாத்தி வெச்சும் பாரு. ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா நிறுத்திடு, உள்ள காவலுக்கு இருக்கற டயோடு போயிடுச்சு. அடிக்கலன்னா டயோடு அடியைத் தானே வாங்கிட்டு ரேடியோவைக் காப்பாத்திருச்சு. அப்புறம் கறுப்பு கிளிப்பை பிளஸ்ல மாட்டு. கலரைப் பாக்காதே. முடிச்சைப் பாரு. கடைசி ஃப்யூஸைப் போடு.

டீச்சரோட கால் வீக்கத்தைப் பார்த்துட்டு, அதே கையால நிதானமா வயரையும் அளந்திருக்கே. உலகம் பூரா நான் சொன்னா நம்பாது. நீ மீட்டரை நம்பாம என்னை நம்பியிருக்கே. இனி அப்படிச் செய்யாதே, அக்கா.

தம்பி

*

ஜூன் 18, புதன்

அக்கா,

மணி ஏழு ஆகல. செட்டைப் போட்டுட்டேன். சும்மா உக்கார முடியல, அதான் எழுதறேன்.

நேத்து லெட்டரைப் படகுக்காரர் கையில கொடுத்ததுலேர்ந்து ஒரே யோசனையா இருக்கு. நீ என்ன நினைப்பேன்னு இல்ல, அதை அப்புறம் பார்த்துக்கலாம். உள்ள டயோடு போயிருந்தா அடுத்த படகு வெள்ளிதான். டீச்சர் அதுவரைக்கும் தாங்கணும். புது ஃப்யூஸ் ஆறு வாங்கி வெச்சுட்டேன். புது கிளிப் ரெண்டையும் அம்மாகிட்ட காட்டி, எதும்மா சிவப்புன்னு கேட்டேன். "ஏண்டா, கண்ணு தெரியலையா"ன்னாங்க. ஆமாம்மான்னேன். அவங்க கரண்டியைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. அப்பாவும் பேப்பரை மடிச்சு வெச்சாரு. இன்னைக்கு நீ பேசலன்னா நானே படகு பிடிச்சு

கர்ருனுது.

நிக்கல. அக்கா, இந்தத் தடவை நிக்கல. மூச்சு வாங்கறே, டீச்சருக்கு வலி வந்துடுச்சு, படகு வேணும்னு சொல்றே. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். நான் போகணும்.