ஏட்டையா கேட்ட மருந்து

இன்று காலை குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பிகளுக்கு அலுமினியப் பெயிண்ட் அடிக்க வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கக் கையை நீட்டினார். நகக்கண் ஐந்திலும் வெள்ளி மினுங்கியது. செம்பைக் கொடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்ன சிஸ்டர், தண்ணி தரமாட்டீகளா?" என்று அவர் கேட்ட பிறகுதான் சுதாரித்தேன். நீ இருந்திருந்தால் இன்று முழுக்க என்னைக் கேலி செய்திருப்பாய். நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. எனக்கு இன்னும் உன்னோடு சண்டை தீரவில்லை.

ஒரே செட்டில் நர்ஸ் பயிற்சி முடித்து, சிவகாசிப் பக்கம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நாம் வந்த முதல் வருஷம். தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. விஸ்வநத்தத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. வலது கை தப்பியிருந்தது. அந்த வலது கை நகங்களில்தான் அலுமினியப் பவுடர். வீட்டிலேயே, லைசென்ஸ் இல்லாமல், வெடிக்கு மருந்து கலந்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஸ்டவ்வு வெடிச்சிருச்சு சிஸ்டர்" என்றாள் அவன் பெண்டாட்டி. நிறைமாதம்.

"உங்க வீட்ல ஸ்டவ்வு இருக்கா?" என்று நீ கேட்டாய்.

அவள் யோசித்துவிட்டு, "இல்ல" என்றாள்.

"அப்ப அடுப்புன்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீக்காயம் என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், காரணத்தை உள்ளபடி பதிவேட்டில் எழுத வேண்டும். இது சட்டம். நீயோ தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து, ஈர்க்குச்சியால் நகம் நகமாக அந்த வெள்ளியைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாய். தீக்காயத் தகவல் போய், மதியம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். கட்டுப் போட்ட கையையும் போடாத கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிஸ்டர், கையில மருந்து ஏதும் இருந்துச்சா?"

"இருக்கே ஏட்டையா. நான்தான போட்டுவிட்டேன்."

நம் ஊரில் மருந்து என்றால் வெடிக்குப் போடுவதும்தான், புண்ணுக்குப் போடுவதும்தான். அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? ஒரு நிமிஷம் உன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டோர் ரூமுக்குள் ஓடினேன். சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் மிச்ச மருந்து இருந்தால்? பக்கத்து வீடுகள் எல்லாம் ஒட்டுச்சுவர் ஆயிற்றே.

உன்னிடம் கேட்கலாம் என்று வந்தால் நீ இல்லை. டியூட்டி முடிந்த கையோடு விஸ்வநத்தம் போய்விட்டிருந்தாய். அங்கே இரண்டு பானைக் கரிமருந்து இருந்ததையும், நீயே நின்று தொட்டித் தண்ணீரில் கொட்டிக் கரைக்க வைத்ததையும் மறுநாள் சொன்னாய். உன் கையில் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினேன்.

"மறைச்சவ நான்தானட்டி. அப்ப மிச்சத்துக்கு யாரு போவா?" என்றாய்.

எனக்கு அப்போது கோபம் மட்டும் இருந்தது.

பிறகு உனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்குப் போனாய். இரண்டு வருஷம் கழித்து, வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் வந்தான். அதே காயம், அதே நகம். அவன் பெண்டாட்டி கையில் மூன்று மாதக் குழந்தை. "எழுதிராதீக சிஸ்டர்" என்று என் முந்தானையைப் பிடித்தாள். நான் எழுதினேன். உள்ளபடி எழுதினேன். எட்டு வீட்டுக்கு ஒரே சுவர் என்று அவளே சொல்லியிருந்தாள். எட்டு வீட்டையும் நினைத்துத்தான் எழுதினேன். போலீஸ் போய் மருந்தைக் கைப்பற்றியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் கட்டிலில் கிடந்ததால் அவளைக் குழந்தையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் அழவில்லை, ஏசவில்லை. குழந்தையின் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டே நடந்தாள்.

அடுத்த மாதம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தபோது இதை ஒரு மூச்சில் சொன்னேன். நீ திட்டுவாய், பதிலுக்கு நான் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"எழுதுனது சரிதான். நானா இருந்தாலும் அங்கன எழுதித்தான் இருப்பேன்" என்றாய். பிறகு சாதாரணமாக, "போய்ப் பாத்தியா?" என்றாய்.

"யாரை?"

"அந்தப் பொண்ணத்தான். ஸ்டேஷன்ல. இல்ல, வீட்டுக்கு வந்த பெறகு."

"அது என் வேலை இல்ல" என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். ஒரு தடவைகூட நீ அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் நீ. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லி அன்றைக்கே முடித்திருப்பேன்.

இப்போது நான் ஹெட் நர்ஸ். எனக்குக் கீழே நாலு பேர் இருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு பொய் எழுத விடமாட்டேன். இந்தப் பத்து வருஷத்தில் என் கையெழுத்தில் யாரும் குற்றம் கண்டதில்லை. அந்தப் பெண்ணின் ஊர் எனக்குத் தெரியும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு முறை பஸ் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் முடியாது, நான் செய்தது சரி. சரி என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலில் நிற்கவும் முடியாது. பிறகு எதற்குப் போவது என்று தெரியாமலேதான் திரும்பினேன். நீ எதற்குப் போகச் சொன்னாய் என்று கடைசி வரைக்கும் உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு சின்னப் பெண், புது நர்ஸ், தீக்காயக் கேஸ் ஒன்றை உள்ளபடி எழுதிவிட்டு வந்து என் முன்னால் அழுதாள். "நீ எழுதினது சரிதான்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நீ என்னிடம் கேட்ட அந்த அடுத்த கேள்வியும் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "நீங்க போனீகளா சிஸ்டர்?" என்று அவள் திருப்பிக் கேட்டுவிடுவாள் என்று பயம்.