பிளக் கேட்காமல் பிழைக்க ஒரு லேப்டாப்

ஜூன் 3, செவ்வாய்

வேலை உறுதி! கட்டட வரைபட அலுவலகம். லேப்டாப் நாமே கொண்டுபோக வேண்டும். நேர்காணலன்றே பார்த்துவைத்தேன் — மொத்த அறைக்கும் சுவரோரம் ஒரே ஒரு பிளக் பலகை, சுற்றிலும் கூட்டம். சார்ஜ் போட வேண்டுமென்றால் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம். நானா? நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கிற பிராசஸர்தான் வேண்டும். முடிவு செய்தாயிற்று.

ஜூன் 4

முடிவு செய்ய நான் யார்? எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் என் லேப்டாப் வீட்டுக்கே பொது. தம்பி: "பெரிய பிராசஸரா வாங்குக்கா, உன் வரைபடம் பறக்கும்." பறக்கப்போவது அவன் கேமில் ஓட்டுகிற கார். அப்பா வேன் ஓட்டுகிறவர்: "காய்கறி வாங்கப் போக லாரி எஞ்சின் எதுக்கு? மைலேஜைக் கேளு."

ஜூன் 7, சனி

கடை. மலிவானதில் என் வரைபடத்தைத் திறந்தேன். மாடிப்படி ஒவ்வொரு படியாக வந்தது. விலை உயர்ந்ததில் சட்டென்று திறந்தது, ஆனால் அதன் உள்விசிறி போட்ட இரைச்சலில் அம்மா "மழையா?" என்று வாசலைப் பார்த்தாள். விலையில் நடுவிலிருந்ததில் வேகம் பரவாயில்லை. மின்சாரம் குறைவாகக் குடிக்கிற பிராசஸராம். பத்து மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர்.

"கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் என்னைக்கு வந்திருக்கு?" அப்பா ஒயரைப் பிடுங்கிவிட்டு நாற்காலி கேட்டார்.

"தீர்ற வரைக்குமா சார்?"

"டேங்க் காலியானாத்தானே தெரியும்?"

ஐயோ, மானம் போச்சு! அம்மா பையிலிருந்து வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் ஃப்ரிட்ஜ்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சாயங்காலம் கடைக்காரரே தேடி வந்தார்: "இன்னும் முப்பது பர்சென்ட் இருக்கும்மா. விலையைக் குறைச்சுத் தர்றேன், அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடு."

நடுவிலிருந்ததுதான்.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். கடைசிவரை சார்ஜ் நின்றது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றி!

ஜூன் 11

நன்றாகத்தான் நிற்கிறது. ஜன்னலோரம் நான் மட்டும். பிளக் பலகைப் பக்கம்தான் ஊர்க்கதை எல்லாம். முறைவைத்து ஒயரை மாற்றுகிறார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருகிறார்கள். இன்று எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு? யாரைக் கேட்பது, பேட்டரியையா?

ஜூன் 12

வீட்டில் சார்ஜ் போடவில்லை. மறந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே திரை மங்கியது. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். "கொஞ்சம்..." என்றேன். திரும்பிவிடலாமா?

கண்ணாடி போட்ட சீனியர் அக்கா நிமிர்ந்தாள். "அட, உன் பேட்டரியும் தீருமா? நாங்க பந்தயமே கட்டியிருந்தோம். டேய், எந்திரி, தங்கச்சிக்கு இடம் விடு."

நூறு பர்சென்ட் ஆனதும் ஒயரைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்தேன். எழுந்து போகவில்லை.