அப்பாவின் லுங்கியில் ஒரு பாவாடை

அவனியாபுரம்,
14.3.1982

அன்புள்ள மாப்பிள்ளை பால்பாண்டிக்கு,

மச்சான் வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே தங்கச்சி ஒச்சம்மாளும் உங்கள் மகள் அன்னக்கொடியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். உங்கள் கால் புண் ஆறியதா, அந்தமான் ரோடு வேலை இன்னும் எத்தனை மாதம் இழுக்கும் என்று தங்கச்சி கேட்டு எழுதச் சொன்னாள்.

போன கப்பல் தபாலில் உங்கள் கடிதமும், தலைமையாசிரியைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டு வைத்த சீட்டும் வந்து சேர்ந்தன. மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சீட்டை நான் இன்னும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு மாதம் முன்னால் அன்னக்கொடியின் வகுப்பு டீச்சர் ஸ்யாமளா நம் கழிவுத்துணிப் பட்டறைக்கு வந்தார். பிள்ளைகள் பழைய துணியிலிருந்து தாங்களே உடுப்பு தைக்கப் போகிறார்கள், ஒட்டுப்போட ஒரு மூட்டை வெட்டுத்துணி வேண்டும் என்றார். உங்களுக்குத்தான் தெரியுமே, புது மண்டபத்துத் தையல்காரர்களிடம் அள்ளி வந்த துண்டுகளில் எதற்கும் ஆகாதது என்று ஒரு மூட்டை எப்போதும் மூலையில் கிடக்கும். மெஷின் துடைக்கக்கூட ஒர்க்‌ஷாப்காரன் வாங்க மாட்டான். அதைத் தூக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, விழா மேடையில் என் பெயரைச் சொல்லுவார்களா என்றும் கேட்டுக்கொண்டேன். சொல்லுவோம் என்றார்.

போன வெள்ளிக்கிழமை விழா. முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். நடந்தால் மட்டும் போதாது. இந்தத் துணி முன்னால் என்னவாக இருந்தது, யாருடையது, எப்படித் தைத்தேன், எங்கே தப்பு விட்டேன் என்று நாலையும் சொல்ல வேண்டும். டீச்சர் வைத்த சட்டம் அது.

தவசி என்று ஒரு பயல், மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவர் மகன். மைதா சாக்கில் சட்டை தைத்திருந்தான். நெஞ்சில் மில்லின் முத்திரை அப்படியே இருந்தது. ஆனால் சட்டையைப் போடவில்லை, இரண்டு ஊக்கு மாட்டி முன்னால் தொங்கவிட்டிருந்தான். "கழுத்தத்தான், டீச்சர், நூல் வச்சு அளந்தேன். தல உள்ள போகணும்னு ஒருத்தரும் சொல்லல" என்றான். அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் ஏரோப்ளேன் தலைக்கு மேல் இறங்க, சிரிப்புச் சத்தமும் அந்தச் சத்தமும் ஒன்றாகப் போயிற்று. அடுத்து பாலாம்பாள், கோயில் ஆபீஸ் கணக்கர் வீட்டுப் பிள்ளை. அவள் சட்டையில் இரண்டு கையும் இடது கை. "ஒரு கைய வெட்டினேன், அதையே மேல வச்சு இன்னொண்ண வெட்டினேன். திருப்பி வைக்கணும்னு இப்பத் தெரியும்" என்று வலது கையைத் தூக்க முடியாமல் தூக்கிக் காட்டினாள்.

மாப்பிள்ளை, இருபத்திரண்டு வருஷமாகத் துணி விற்கிறேன். பரவைச் சந்தையில் தலைச்சுமையாகத் தொடங்கியவன். கிழிசலை உள்ளே தள்ளி மடித்துக் காட்டுவதுதான் நான் கற்ற முதல் பாடம். இந்தப் பிள்ளைகள் கிழிசலை விரித்து வைத்து, இது என் கையால் வந்தது என்கிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் பிள்ளை கடைசியில் வந்தாள். கட்டம் போட்ட பாவாடை. நீங்கள் போகும்போது விட்டுவிட்டுப் போன பச்சை லுங்கி அது. "எங்க அப்பாவோட லுங்கி. உக்காந்து உக்காந்து நடுவுல நைஞ்சுபோச்சு. ஓரம் ரெண்டும் புதுசாட்டம் கெடந்துச்சு. அதனால நடுவ வெட்டி எடுத்துட்டு ஓரத்தக் கொண்டாந்து நடுவுல சேத்தேன்" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை கட்டத்தோடு கட்டம், ஒரு கோடு தப்பவில்லை. எல்லாம் கைத்தையல். பெரிய தையல்காரனே இதற்கு அரை மீட்டர் துணி கூடுதலாகக் கேட்பான். தையலைப் புரட்டிப் பார்க்கக் கை வைத்தேன். "மாமா, கைய எடுங்க, இஸ்திரி கலையும்" என்று அம்புட்டுப் பேருக்கும் முன்னால் அதட்டிவிட்டாள்.

எங்கே தப்பு என்று டீச்சர் கேட்டார். "அப்பா ஊருக்கு வந்தா கட்டிக்க இப்ப லுங்கி இல்ல. கேக்காம வெட்டிட்டேன். அதான் தப்பு" என்றாள். அடுத்த முறை என்ன தைப்பாய் என்று கேட்டார். "அடுத்த தடவ கெடையாது டீச்சர். ஆறாப்புக்கு நான் போகல. எங்க மாமா பட்டறைக்குப் போறேன். அங்க எம்புட்டுத் துணி வேணும்னாலும் கெடக்கும்" என்றாள். அழவில்லை, சடைத்துக்கொள்ளவும் இல்லை. மாமா நல்லதுதான் செய்வார் என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சரும் பார்த்தார், கூடமே பார்த்தது. அப்புறம் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். எதற்கடா சொல்கிறார்கள் என்று இருந்தது.

தங்கச்சி பின்னால் சுவரோரம் நின்றிருக்கிறாள். வெளியே வந்ததும், "அண்ணே, எம்மக பட்டறையில மூணு ஆளு வேல பாக்குறாள்னு சொன்னீகளே. இப்பப் பாத்தீகளா, எத்தன ஆளு வேல?" என்று கேட்டாள். இத்தனை நாள் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாதவள்.

பிள்ளைகளே தங்கள் தப்பைச் சொல்லும்போது நான் என் தப்பைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. தை மாதம் உங்களுக்கு எழுதிய கடிதத்தில், பெண்பிள்ளை வளர்கிறாள், பெரிய பள்ளிக்கூடம் தூரம், நான் மூன்றாம் வகுப்போடு நின்று கெட்டா போனேன் என்றெல்லாம் எழுதினேன். அதெல்லாம் மேல் மடிப்பு. உள்ளே இருந்தது வேறு. சனிக்கிழமைகளில் அவள் அம்மாவோடு பட்டறைக்கு வந்து தரம் பிரிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே நைலான் எது, பருத்தி எது என்று தள்ளிவிடுவாள். மூன்று ஆள் பிரிக்கிறதை ஒருத்தி பிரிக்கிறாள் என்று என் கண்ணில் பட்டது. அந்தக் கை என் பட்டறையில் இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். தாய்மாமன் சொல்கிறான் என்று நீங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். தப்பு என்னுடையது.

உங்கள் சீட்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து உள்ள காகிதம், அதைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. மே மாதக் கடைசிக்குள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த கப்பலிலேயே, பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும். பாலாம்பாளும் அதே பள்ளிக்கூடம்தான், இரண்டும் ஒரே பஸ்ஸில் போய் வரும். சனிக்கிழமைகூடப் பட்டறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருவேன் என்கிறாள், அது வேறு விஷயம்.

லுங்கியின் நைந்துபோன நடுத்துண்டை அவள் எறியவில்லை. மறுநாள் மடித்துக் கொண்டுவந்து, "இது மெஷின் தொடைக்க ஆகும் மாமா, நல்லா எண்ணெய் குடிக்கும்" என்று கொடுத்தாள். சரக்கு அறிந்த பிள்ளை. அதை மூட்டையில் போட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சீட்டின் மேல்தான் வைத்திருக்கிறேன்.

புது லுங்கி ஒன்று தனிப் பார்சலில் வருகிறது. கட்டம் அவள் பார்த்து எடுத்தது. அப்பா வைவாரா மாமா என்று தினமும் கேட்கிறாள். வைய வேண்டியது இருந்தால் அவளை விட்டுவிட்டு என்னை வைது எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வையுங்கள். கடல் கடந்து உழைக்கிற உங்களை மீனாட்சி காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
வெள்ளைத்துரை