களிம்பு ஏறிய வாட்ச்

அன்புள்ள உனக்கு,

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது இடது மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். வேர்வையும் உலோகமும் கலந்த அதே வாடை. பழைய பித்தளைச் செம்பில் தண்ணீர் குடித்தால் உதட்டில் ஒட்டுமே, அது. "பொணத்து நெத்தியில வச்ச காசு மாதிரி நாறுதுலே" என்று நீ ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று வாட்சை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தால் தோலில் பச்சையாக ஒரு வளையம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் போனது, முழுசாகப் போகவில்லை.

உன் வீட்டில் உன் வாட்சைப் பற்றி ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. ஒரு வருஷமாக உன் மனைவியைத் தூங்கவிடாமல் அடித்துவிட்டு இப்போது என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? இந்த வாட்ச் பைத்தியம் நம் இரண்டு பேருக்கும் மட்டும்தான். என் வீட்டுக்காரி இன்னமும் "அந்தத் துருப்புடிச்ச கெடியாரம்" என்றுதான் சொல்கிறாள்.

நம் வாட்சுகள் இரண்டும் ஒரே பார்சலில் வந்தவை. ஆர்டர் போட்டது நான், என் பெயரில். ராஜபாளையத்தில் என் கம்பெனி ஆபீசுக்கு, லாரிக்குக் காத்திருந்த பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்கு நடுவே வந்து இறங்கியது. அசல் வாட்ச் வெளிநாட்டுக்காரன் செய்தது; கடலுக்குள் முங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு வெண்கலத்தில் அடித்தது. அதை வாங்க நமக்கு இந்த ஜென்மம் போதாது. நம்முடையது அதைப் பார்த்துச் செய்த காப்பி. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நீ அசரவில்லை. "காப்பின்னா என்னலே, நம்ம ரெண்டு பேரும் மட்டும் அசலா" என்று கேட்டுவிட்டுக் கையில் மாட்டிக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடுவேன். உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை மேஜையில் விரித்து, இரண்டு வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைப்பாய். போனில் அசலின் படம் இருக்கும். பிறகு ஆரம்பிக்கும் பஞ்சாயத்து. முகப்பைச் சுற்றித் திருகுகிற வளையம் என்னுடையதில் டிக் டிக்கென்று சுத்தமாகத் திரும்பும். உன்னுடையதில் லேசாக ஆடும். வளையத்தின் உச்சியில் இருக்கும் ஒளிப்புள்ளி உன்னுடையதில் நேராக நிற்கும். என்னுடையதில் மயிரிழை இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும். பட்டை கோர்க்கிற நாலு கொம்புகளிலும் அசலில் நெடுக மெல்லிய கோடு இழுத்து, ஓரத்தில் மட்டும் பளபளப்பாக ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். நம்முடையதில் அந்தச் சரிவையும் சேர்த்துக் கோடு இழுத்து வைத்திருந்தான், காப்பி செய்தவன். "அவசரத்துல வேல பாத்திருக்கான் பயபுள்ள" என்பாய், ஏதோ நீயே கூலி கொடுத்து வேலை வாங்கினது மாதிரி.

விளக்கை அணைத்து, முட்கள் இருட்டில் எம்புட்டு நேரம் மினுங்குகின்றன என்றுகூடப் பார்த்தோம். "எறநூறு மீட்டர் ஆழம் தாங்கும்னு போட்டிருக்கான். நம்மூர்க் கண்மாயில முட்டளவு தண்ணி கெடந்தாலே பெருசு" என்றாய். உனக்கு நீச்சலே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வாட்சோடு தண்ணீரில் இறங்க மனசு வராது. அரை நாள் போவது தெரியாமல் இப்படிப் பேசிக்கொண்டிருப்போம்.

வெண்கலம் கருக்கும் என்பதற்காகத்தானே அதை வாங்கினோம். கட்டுகிறவனின் வேர்வைக்குத் தக்கபடி நிறம் மாறும், ஒருவனுடையது போல இன்னொருவனுடையது இருக்காது என்று படித்துவிட்டு, யாருடையது முதலில் மாறும் என்று பந்தயம் வேறு. என்னுடையது மாசக்கணக்கில் தேன் நிறத்திலேயே நின்றது. உன்னுடையது சட்டென்று கருத்து, கொம்புகளின் இடுக்கில் பச்சை கட்டிவிட்டது. "என் வேர்வைக்கு எம்புட்டு வேகம் பாத்தியா" என்று லென்ஸை என் கையில் திணித்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையாகவே. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. உனக்குள் அப்போதே ஏதோ கெட்டுப்போயிருந்து, அதைத்தான் அந்த வெண்கலம் காட்டியதா? டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார் என்று கேட்கவில்லை. சிரிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

கண் மஞ்சளாகி உன்னை மதுரைக்குக் கொண்டுபோனோம். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். ஊசி ஏற்றக் கையைக் கேட்டபோது உன் மனைவிதான் வாட்சைக் கழற்றினாள். அடியில் பச்சை வளையம். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், ஈரத்துணியால் துடைத்தாள். "அது ஒண்ணுமில்லக்கா, கவரிங் நக போட்டாக்கூட இப்படி ஆகும்" என்றது நர்ஸ் பிள்ளை. அவள் காதில் வாங்கவில்லை. மறுநாள் நீ, "கை வெறுசா இருக்கது என்னமோ போல இருக்கு, அதக் குடு" என்று கேட்டாய். அவள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டாக்டர் என்னையும் அவளையும் மாற்றி மாற்றி "குடிப்பாரா?" என்று கேட்டார். பீர் வாடைகூட அறியாத ஆள் நீ. சர்க்கரை இருந்து ஈரலில் கொழுப்புப் படிந்தால் குடிக்காதவர்களுக்கும் இப்படி ஆகும் என்று பிற்பாடு அவரே விளக்கிச் சொன்னார். ஆனால் நீ போன பிறகு துஷ்டி கேட்க வந்தவர்கள் டாக்டரின் விளக்கத்தையா கேட்பார்கள்? "ஞாயித்துக்கெழமையானா ஷட்டர எறக்கிட்டு ரெண்டு பேரும் உள்ளதான் இருப்பாக" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இழவு வீட்டில் கைகலப்பு ஆகியிருக்கும்.

போன மாசம் உன் வருசத் திதி முடிந்து, உன் மனைவி போன் போட்டு வரச் சொன்னாள். போனேன். குடிக்கக் காப்பி கொடுத்துவிட்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே உன் வாட்ச். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கருப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கார்த்திகைக்கு விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி தகதகவென்று கிடந்தது. நீ வேர்த்து வேர்த்துச் சேர்த்த நிறம் அம்புட்டும் போயிருந்தது. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் பேசினாள்.

"புளி போட்டு வெளக்குனேண்ணே. நாலு நாள்ல திரும்பக் கருக்குது. பொறவும் வெளக்குதேன், பொறவும் கருக்குது. இன்னும் எம்புட்டு வெசம் உள்ள இருக்கு?"

"வெசமா?"

"ஈயம் பூசாத பித்தளச் சட்டியில புளிக்கொழம்பு வச்சா களிம்பு எறங்கும், தின்னா ஆளயே கொண்டுபோயிரும்னு சொல்லித்தான எங்கள வளத்தாக. இவிய ராவும் பகலும் வேர்க்க வேர்க்க இதக் கட்டியிருந்தாக. வேர்வையும் உப்பும் புளிப்பும்தான? குடிக்காத மனுசனுக்கு ஈரல் எப்படிண்ணே போகும்?"

டாக்டர் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னேன். சட்டியில் வைத்ததைத் தின்பதும் கையில் கட்டுவதும் ஒன்றல்ல, தோலில் படிகிற பச்சை தோலோடு போய்விடும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிண்ணே. இது நல்ல வெண்கலம்தானா? நீங்கதான ஆர்டர் போட்டீக. சத்தியமாச் சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. கோடு, சரிவு, புள்ளி, வளையத்தின் ஆட்டம் என்று நாம் லென்ஸ் வைத்துப் பார்க்காதது எது? உருக்கும்போது அவன் எதை எதைச் சேர்த்தான் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அசல் என்றால் செய்த கம்பெனி பதில் சொல்லும். காப்பிக்கு யார் பதில் சொல்வது? நகைக்கடை மெஷினில் வைத்தால் எந்தெந்த உலோகம் கலந்திருக்கிறது என்று காட்டிவிடும் என்று பிறகு ஒருவர் சொன்னார். இன்றுவரை நான் போகவில்லை. காரீயம் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதை எந்த முகத்தோடு உன் வீட்டுக்கு எடுத்துப் போவேன்?

அவள் என் கையைப் பார்த்தாள்.

"ஒங்க வாட்ச் எங்கண்ணே?"

பஸ்ஸில் வரும்போதே கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன். பார்த்தால் உன் நினைப்பு வந்து அழுவாள், அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழற்றினேன்.

"இப்பல்லாம் கட்டுறதில்லம்மா."

"கையில பச்ச இருக்கே," என்றாள். "ஒங்களுக்கும் பயந்தான?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பைக்குள் கையை விட்டு வாட்சை எடுத்து அவள் கண்முன்னாலேயே கட்டினேன். "இந்தா பாரு தங்கச்சி. ரெண்டும் ஒரே பார்சல்ல வந்தது, ஒரே ஆளு செஞ்சது. இனி நான் இதக் கழட்டாமக் கட்டிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா, அவனுக்கும் இதால ஆகலன்னு தெரிஞ்சுக்கோ" என்றேன். வீறாப்பில் வந்துவிட்ட பேச்சு. என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் டப்பாவை மூடிவிட்டு, சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு செத்த நேரம் அழுதாள்.

அதிலிருந்து வாரம் தவறாமல் போன் வருகிறது. "அண்ணே, கட்டியிருக்கீகளா? ஒடம்பு நல்லா இருக்கா? கண்ணு மஞ்சளா இல்லையே?" கட்டியிருக்கிறேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று சொல்வேன். போன தடவை, "ரெண்டு வாரமா வெளக்கலண்ணே, அப்படியே விட்டுட்டேன். லேசாக் கருத்திருக்கு" என்றாள். கருக்கட்டும் என்றேன். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

அவள் தூக்கத்துக்கு நான் ஜாமீன் நிற்கிறேன். எனக்கும் வயசாகிறது. சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் முதலில் கண்ணைத்தான் பார்க்கிறேன். போன வாரம் எனக்கு நல்ல காய்ச்சல், எழுந்திரிக்க முடியவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டு மாத்திரை எடுக்கப் போன என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து போன் வந்தா, அவிய குளிக்கப் போயிருக்காக, நல்லாத்தான் இருக்காகன்னு சொல்லிரு."