தேசப்பனுக்கு ஒதுக்கிய சீட்டு

மாமா,

இன்றைக்குக் காலையில் பொன்னேரிக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் சொருகுவதற்குள் முதுகில் சூடு ஏறியது. ஆட்டோவுக்கு எஞ்சின் பின்னால்தானே. கூடவே அந்த வாடையும் வந்தது. சூடான ஆயிலும், உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த ரெக்சினும் கலந்த வாடை. கழுத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைப்பது போல அது உறுமியதும், என்னை அறியாமல் "மெதுவா போ மாமா" என்று சொல்லிவிட்டேன். ஓட்டுகிற பையனுக்கு நம் பேரன் வயசு இருக்கும். திரும்பிப் பார்த்து, "இன்னா ஆயா, என்னையப் போயி மாமான்ற?" என்று சிரித்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் நீ என் மானத்தை வாங்குகிறாய்.

விசைப்படகுகள் வந்த எழுபதுகளில், எந்தக் குப்பத்தில் படகு எஞ்சின் மக்கர் பண்ணினாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். பாகங்கள் வாங்க தினமும் பொன்னேரிக்குப் போக வேண்டும், போகிற கையோடு இறால் பெட்டியையும் ஏற்றிப் போகலாம் என்று நீ சொந்தமாக ஒரு வண்டி தேடினாய். எப்படியும் ஒரு பழைய அம்பாசடரோ ஜீப்போ வரும் என்று நான் அக்கம்பக்கத்தில் எல்லாம் பீற்றிக்கொண்டேன். பழைய வண்டிகள் விற்கிற புதுப்பேட்டைக்கு நடையாய் நடந்து கடைசியில் நீ ஓட்டிக்கொண்டு வந்தது என்ன? என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பந்தயக் கார். துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம். ஓடி ஓய்ந்த கிழம், ரெண்டே ரெண்டு சீட்டு. முன்மூடியைத் திறந்தால் எஞ்சினைக் காணோம், வெறும் பெட்டிதான் இருந்தது. விளக்குகள் ரெண்டும் கண்ணை மூடித் தூங்கின. சுவிட்சைப் போட்டால் எழுந்து பார்க்கும். அதிலும் இடது கண் தன் இஷ்டத்துக்குத்தான் திறக்கும்.

"இன்னா மாமா இது, தவளை கணக்கா குந்தினு கீது? எஞ்சின் எங்க?"

"முதுகுக்குப் பின்னால. சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல."

"அய்ய! தினம் ஓட்டுறதுக்கு எவனாவது இந்த மாரி வண்டி வாங்குவானா?"

"எந்தப் படகுலயாவது எஞ்சினை மூக்குல வச்சுப் பாத்துக்கிறியா? பாரம் நடுவுல இருக்கணும்டி. அப்பதான் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பும். தண்ணியில ஒரு கணக்கு, தரையில ஒரு கணக்கா?"

படகைத் தவிர வேறெதையும் நம்பாத ஆளால்தான் இப்படி ஒரு காரைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற வண்டிகள் புதைந்து நிற்கிற நம் மணலில் உன் தவளை நிற்காமல் போயிற்று. பாரம் பின் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. முன்பெட்டியில் ஐஸும் இறாலும் கச்சிதமாக அடங்கின. உப்புக்காற்று அரித்துத் தின்ற இடங்களில் படகுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்தாய். வெயில் காலத்தில் முதுகு வெந்துபோகும். மணையில் உட்காருவது போலக் காலை நீட்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பின்சீட்டே இல்லாத வண்டியில் பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தம் மட்டும் பழகவே இல்லை. நம் ஊர்ப் பெண்கள் அந்த வண்டியில் மூணாவதாக ஓர் ஆள் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். நான் திட்டி விரட்டினேன். ஆனால் தனியாக அதைக் கழுவும்போது நானும் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

உன் பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைச் சீட்டுக்கு ஊரே அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், சம்பந்தி வீடு என்று ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர் நாம் மீன் பிடிக்கிற உப்பேரியின் வழக்கத்தையே அதற்கும் போட்டார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வீடு வீடாக முறை வருமே, அந்தப் பாடு. அதே வரிசையில் சீட்டும் வரும் என்றார். நீயும் தலையை ஆட்டிவிட்டு வந்தாய். கட்டின பெண்டாட்டி எனக்கும் மற்றவர்களைப் போல ஒரே ஒரு முறைதான். மூணு நாள் உன்னோடு நான் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நான் பேசாததை நீ கவனித்தாயா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த ஐப்பசியில்தான் உன் கூட்டாளி தேசப்பன் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கவிழ்ந்த படகு கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. அவன் பெண்டாட்டி நாகம்மா பொட்டை அழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ரெண்டு பெண் பிள்ளைகள். உடல் கிடைக்காதவனை இறந்தவன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும் வரைக்கும் அவன் பாடு அவன் வீட்டுக்குத்தான் என்பது நம் வழக்கம். அவன் நாளில் வேறொருவர் வலை கட்டி, கிடைத்ததை நாகம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதில்தான் அவள் அடுப்பு எரிந்தது. ஏரியில் பாடு இருக்கும்போது சீட்டில் மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்றார் பெரியவர். அதனால் தேசப்பன் நாளில் நீ யாரையும் ஏற்றவில்லை.

அந்த முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விடிந்தும் பனி விலகவில்லை. நான் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோருக்கும் நிறுத்துவது போலவே கோயிலடியில் வண்டியை நிறுத்தி, இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ காத்திருந்தாய். தேசப்பன் வெற்றிலை போட்டு, ரெண்டு பேரிடம் வம்பு பேசி, ஆடி அசைந்து வருவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு கதவு சாத்திக்கொண்டது. உன் ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் பனி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. குடம் நிரம்பிக் காலில் வழிந்தபோதுதான் எனக்கு நினைப்பு வந்தது.

சாயங்காலம் கை கழுவிக்கொண்டே நீ சொன்னாய், "வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலடி அவன்."

"எவன்?"

"தேசப்பன். எப்பவும் வாய் ஓயாதவன், இன்னிக்கு வெளியப் பாத்துனே வந்தான்."

"பேஜார் பண்ணாத மாமா," என்று துண்டால் அடித்தேன். நீ விளையாடும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். அன்றைக்குக் கோணவில்லை. பயந்துபோய் வண்டியைக் கழுவப் போனேன். இடது சீட்டு ஈரமாக இருந்தது. ஐஸ் பெட்டி முன்னால்தானே இருக்கிறது என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

நாலைந்து முறை இப்படி வந்து போன பிறகு, தேசப்பனின் அண்ணன் முனுசாமி ஊரைக் கூட்டினான். எல்லோரும் கோயிலடியில் உட்கார்ந்தோம். நாகம்மா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"செத்தவனை இன்னாத்துக்கு உசுரோட வச்சினு கீறீங்க?" என்று முனுசாமி கத்தினான். "காரியத்தைப் பண்ணிட்டு அவன் வலைப் பாட்டை என் பேருக்கு மாத்துங்க. நான் அந்தப் பொம்பளைக்குக் கஞ்சி ஊத்த மாட்டனா?"

அவன் ஊற்றும் கஞ்சி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெற்ற அம்மாவையே வெளியே தள்ளியவன். பெரியவர் உன் பக்கம் திரும்பி, "நீ இன்னாப்பா சொல்ற?" என்று கேட்டார்.

நீ எழுந்து நின்று, "சீட்டு காலி இல்ல" என்று மட்டும் சொன்னாய்.

"எவன் பாத்தான்?"

"பாக்கணும்னா வண்டியில ஏறிக் குந்தணும். இருக்கிறது ஒரு சீட்டு. நீ குந்திட்டா அவன் எங்க குந்துவான்?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முனுசாமி லேசுப்பட்டவன் இல்லை. "சரி, உள்ள பாக்க வேணாம். ரோட்டுக்கு ஏர்ற எடத்துல சேறு கீதுல்ல? நாளைக்கு அவன் முறை. நீ தனியா ஓட்டு. ஒருத்தன் மட்டும் இருந்தா உன் பக்கத்துத் தடம்தான் ஆழமா விழும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் வாயை மூடிக்கிறேன்" என்றான். பெரியவர் அதற்கு ஒப்புக்கொண்டார். நாகம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மறுநாள் காலையில் ஊரே சேற்றோரம் நின்றது. நீ முன்மூடியைத் திறந்து வெறும் பெட்டியைக் காட்டினாய். முனுசாமி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். எஞ்சினைச் சுற்றித் தட்டிப் பார்த்தான். எங்கும் ஒன்றும் இல்லை. நீ ஏறினாய், இடது கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாய், கதவு சாத்திக்கொண்டது. வண்டி சேற்றைக் கடந்து ரோட்டில் ஏறி நின்றது. பட்டப்பகலில், சுவிட்சைப் போடாமலேயே, இடது விளக்கு மட்டும் கண் விழித்துக்கொண்டது.

ரெண்டு தடமும் ஒரே ஆழம்.

யாரும் பக்கத்தில் போகவில்லை. நாகம்மா மட்டும் போனாள். மண்டி போட்டு இடது தடத்துக்குள் கையை வைத்தாள். தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல வைத்துக்கொண்டே இருந்தாள். முனுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தான். அந்தப் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை. மூத்தவளுக்குக் கல்யாணமாகி மருமகன் வலை பிடிக்க வரும் வரைக்கும் அந்தப் பாடு தேசப்பன் பெயரிலேயே நின்றது. சீட்டும்தான்.

நான் உன்னை விட்டேனா? அன்று மத்தியானமே வண்டியைக் குடைந்தேன். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன், தரை விரிப்பைக் கிழிக்காத குறை. "சத்தியமா சொல்லு மாமா, இன்னா வச்ச? ஊர எல்லாம் டபாய்ச்சிட்டியா?" என்று உன் சட்டையைப் பிடித்தேன்.

"நீ கழுவுற வண்டி. நீயே தேடிக்க" என்றாய். உதடு கோணவில்லை. அதற்குமேல் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, கடைசி வரைக்கும்.

மனசு கேட்காமல் நாகம்மாவிடமே போய், "அது எப்படினு ஒரு தபா அவரைக் கேக்கணும்னு உனக்குத் தோணலியா?" என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கேட்டு இன்னா பண்ணப் போறேன்? பள்ளம் இருந்துச்சு, கை வச்சேன்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எண்பதுகள் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன் வண்டி வாசலிலேயே நின்றது. அதை ஓட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை மாமா. ஊருக்கெல்லாம் முறை வைத்தாயே, எனக்கு அந்த ஸ்டியரிங்கை ஒரு நாள் கற்றுக் கொடுத்திருந்தால் என்ன?

மழைக்கும் உப்புக்கும் வண்டி வாசலிலேயே இற்றுப்போனது. எஞ்சினை யாரோ வாங்கிப் போனார்கள். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அவருடைய ஆட்கள் ரெண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவர் வெளியே நடந்தபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். உள்ளே ஆள் இல்லை, எஞ்சின் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே சேற்றைக் கடந்து ரோட்டில் ஏற்றினார்கள். போகிற வண்டியைப் பார்க்க மனமில்லாமல் நான் தலையைக் குனிந்தேன்.

இடது தடம் மேலாகக் கீறினது போல இருந்தது. வலது தடம் சாண் ஆழத்துக்குப் பதிந்திருந்தது.

"வலப்பக்கம் ஸ்பிரிங் போயிருக்கும்மா" என்றார் இரும்புக்காரர். இருக்கும். அவர்கள் போகும் வரை நின்றேன். பிறகு மண்டி போட்டு அந்தப் பள்ளத்துக்குள் கையை வைத்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நாகம்மா வந்து பின்னால் நின்றிருக்கிறாள். அவள் எதுவும் கேட்கவில்லை. என் சேற்றுக் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

ஆட்டோவில் விட்ட இடத்துக்கு வருகிறேன். பொன்னேரிக்குப் பாதி வழியில் ஓர் ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆயா, கொஞ்சம் தள்ளி குந்து. உனக்கு அந்தாண்ட எடம் சும்மாதான கீது?" என்றான். அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு பெரிய சீட்டில் இடது ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்கம் முழுக்க விட்டுவைத்திருக்கிறேன்.

"காலி இல்லப்பா" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பக்கத்தில் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அந்த ஆளை ஏற்றாமலே வண்டியை எடுத்தான், பொன்னேரி வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினான்.