வால் முளைத்த சிவப்புப் புள்ளி

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து
1998, ஆவணி

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. அன்பில்லாமல் இல்லை. ஆனால் நமக்குள் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நெஞ்சு நோகுது என்று சொல்லி அரைமணித்தியாலத்தில் போய்விட்டீர்கள். சண்டை பிடிக்கக்கூட நேரம் தரவில்லை.

தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அமைதியானவர், பண்பானவர், யாருக்கும் தீங்கு நினையாதவர் என்று எழுதத் தொடங்கி நான்கு வரியில் நிறுத்திவிட்டேன். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். நான் உங்களோடு கதைக்கிறேன், வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொள்ளட்டும்.

துவக்கு வெடிக்கிற சத்தம் கேட்காத ஒரு ஊர் வேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்? வந்து மூன்றாம் வருடம், சுப்பர்மார்க்கெட்டில் உங்களோடு பெட்டி அடுக்கிய வெள்ளைக்காரர் சனிக்கிழமை ஒன்றில் உங்களைக் கிளென்ஃபீல்டில் இருந்த குறிசுடும் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். "இஞ்சேரும், நான் ஒரு துவக்கு வாங்கப்போறன்" என்றீர்கள். என் கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது.

"உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். "சுடுறதுக்கில்லை, கடதாசிக்குத்தான்" என்றீர்கள். கடதாசியைச் சுடுவதும் சுடுவதுதானே என்றேன். கண்டறியாத துவக்கு.

அனுமதிப் பத்திரத்துக்காக அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்களைக் கராஜில் நிற்கவைத்துவிட்டு என்னைத் தனியே விசாரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் என்ன சொன்னேன் என்று எத்தனை தரம் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் கணவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டார். கராஜுக்குப் போய் எதையாவது அளப்பார் என்றேன். அவர் சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்.

உண்மையைத்தானே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் சர்வேயராக இருந்தவர் நீங்கள். தியோடலைட் என்கிற அளவுக் கருவிக்குள் கண்ணை வைத்து ஊரில் பாதி வேலிச் சண்டையைத் தீர்த்தவர். இங்கே உங்கள் பத்திரங்களை யாரும் ஏற்கவில்லை, நீங்கள் தக்காளி அடைத்த தகரப் பேணி அடுக்கினீர்கள். நான் நகர மையத்தில் வங்கி வேலை முடிந்ததும் அங்கேயே இருந்து உங்களுக்காகச் சர்வேயர் வேலைக்கு விண்ணப்பம் அடித்தேன். அனுபவம், தகுதி எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: இவர் கண்ணால் பார்த்தே அரை அங்குலப் பிசகைச் சொல்லக்கூடியவர். கோயிலில், பிறந்தநாள் வீட்டில், பஸ் நிறுத்தத்தில், யார் அகப்பட்டாலும் இதையே சொன்னேன். இவருக்குச் சர்வேயர் கண் என்று.

உங்களுக்குத் துவக்கில் ஆசை இல்லை, அதன் மேல் பூட்டுகிற அந்தக் குறிகாட்டியில்தான் ஆசை என்று எனக்கு விளங்கவே சில மாதம் எடுத்தது. விரல் நீளக் கறுப்புக் குழாய், உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு சட்டைப் பொத்தான் அளவு பற்றரி. சமையலறையில் வைத்து எனக்குக் காட்டினீர்கள். "இதுக்குள்ள பாரும், சிவப்புப் புள்ளி ஒண்டு தெரியும்." நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் புள்ளியைத் தேடினேன். டோர்ச் வெளிச்சம் போல அது வெளியே போய் விழும் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். புள்ளி வெளியே போகாதாம், கண்ணாடியில் பட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம். பழைய முறையில் பின் காட்டி, முன் காட்டி, இலக்கு என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். இதில் இரண்டு கண்ணையும் திறந்து இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன் மேல் வந்து உட்காரும். கை நடுங்கினால் புள்ளியும் நடுங்கும், அதற்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. கறி அடிப்பிடிக்கிற மணம் வந்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் வால் வந்தது.

"இஞ்ச வாரும், இந்தப் புள்ளியைப் பாரும். வால் ஒண்டு இழுபடுது, கமா மாதிரி." நான் பார்த்தேன். "வட்டமாத்தான் கிடக்கு" என்றேன். "உமக்குப் பார்க்கத் தெரியாது" என்றீர்கள். நல்லது. வட்டத்தைப் பார்க்கவும் படித்திருக்க வேண்டுமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உங்கள் ஆங்கிலம் ஃபோனில் திக்கும் என்பதால் குறிகாட்டியை விற்ற நகரத்துக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கிற வேலை எனக்கு. அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார்: வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், கூட்டி வைத்தால் யாருக்கும் புள்ளி சிதறும். குறைத்தீர்கள். வால் போகவில்லை. மாற்றித் தந்தார். அதிலும் வால். ரைஃபிளில் இருந்து கழற்றி, குறிசுடும் சங்கத்துக் கைத்துவக்கில் பூட்டிப் பார்த்தீர்கள். கைத்துவக்கிலும் வால்.

உங்களைக் கேட்கிறேன். ரைஃபிளிலும் வால், கைத்துவக்கிலும் வால், பழைய குழாயிலும் வால், புதுக் குழாயிலும் வால் என்றால் அந்த வால் எங்கே இருக்கிறது? கருவியில் பிழையா பார்க்கிறவனில் பிழையா என்று தெரிய, கருவியை மறுபக்கம் திருப்பி இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான முதல் வருடமே எனக்குப் பாடம் எடுத்த மனிதர்தானே நீங்கள்?

ஆனால் நான் என்ன செய்தேன்? திரும்பவும் ஃபோன் எடுத்து, "நானும் என் கண்ணால் பார்த்தேன், வால் இருக்கிறது" என்று கடைக்காரரிடம் சத்தியம் பண்ணினேன். என் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்ததை விட்டுவிட்டு உங்கள் கண்ணை நம்பினேன். அவர் சரி என்றார். நீங்கள் நகரத்துக்குப் போய்ப் புதுப் பெட்டியோடு வந்தீர்கள். "இப்ப வட்டமாத் தெரியுதே?" என்று கேட்டேன். "ஓம், ஓம். திறமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அடுத்த கிழமை குறிசுடும் சங்கத்துச் செயலாளர் வந்து ரைஃபிளை முறைப்படி பொறுப்பெடுத்துக்கொண்டு போனார். குறிகாட்டியை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார். அது ஆயுதம் இல்லையாம், வீட்டில் இருக்கலாமாம். ஐந்து மாதம் அது சீனிப் பேணிக்குப் பக்கத்தில் இருந்தது. கடையில் திருப்பிக் கொடுப்போம் என்று போன மாதம் சுபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நீங்கள் ஓட்டிய காரை அவள்தான் ஓட்டுகிறாள், உங்களைவிட வேகமாக.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். அவரை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன், எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது சுபா சும்மா அந்தக் குழாயை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா சொன்னது சரி" என்றாள், வழக்கம்போல ஆங்கிலத்தில். "புள்ளிக்கு வால் இருக்கு."

எனக்கு ஏறியதே கோபம். "பார்த்தீர்களா, என் கணவர் சொன்னதைத்தானே இவளும் சொல்கிறாள்" என்று கடைக்காரரிடம் பாய்ந்தேன். இறந்த மனிதருக்குப் பழுதான சாமானை விற்றிருக்கிறீர்களே என்றும் சொல்லிவிட்டேன். அவர் சுபாவைப் பார்த்து, "கண்ணை எடுக்காமல் குழாயை மெதுவாகத் திருப்பு" என்றார். "புள்ளியோடு வாலும் திரும்புகிறதா?"

அவள் திருப்பினாள். முழுச் சுற்று. "இல்லை, வால் அங்கேயேதான் நிற்கிறது."

"அப்படியென்றால் கண்ணாடி நல்லது, மகளே. உன் கண்ணைக் காட்ட வேண்டும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "உங்கள் கணவரும் இதே இடத்தில் நின்று திருப்பிப் பார்த்தார். கடைசியாக வந்த அன்று."

மூன்றாவது குறிகாட்டி என்று ஒன்று இல்லவே இல்லை. அதே இரண்டாவதைப் புதுப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லி நீங்கள்தான் அவரைக் கெஞ்சியிருக்கிறீர்கள். ஏன் என்று அவர் கேட்டாராம். "என் மனைவி என்னுடைய கண்ணை நம்பி மூன்று இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். இப்போது இதைச் சொன்னால் அவளால் தாங்க முடியாது" என்று சொன்னீர்களாம்.

என்னால் தாங்க முடியாதாம். ஷெல் விழுந்த வீட்டில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். உங்களுக்கு ஒரு கண்ணாடி போட வேண்டும் என்றால் தாங்க மாட்டேனா? இதைக் கேட்ட நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் உங்களை அந்தக் கடையில் வைத்தே அடித்திருப்பேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வைத்த பிறகுதான் மற்றது வந்தது.

சுபாவைக் கண் வைத்தியரிடம் காட்டினோம். கண்ணின் முன்பக்கம் உருண்டையாக இல்லாமல் கூம்பிக்கொண்டு வருகிறதாம், இடது கண்ணில் கொஞ்சம் கூடுதலாக. அதனால்தான் வட்டப் புள்ளிக்கு வால் முளைக்கிறதாம். இந்த வயதில்தான் வளருமாம், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வருமாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள், கண்ணுக்குள் வைக்கிற கடினமான வில்லை போட்டால் தெளிவாகத் தெரியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார். வில்லை வரும்வரைக்கும் காரை எடுக்க வேண்டாம் என்றார். உங்கள் மகள் அதற்குத்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், கண்ணுக்கு இல்லை.

"தகப்பனுக்கு எப்படி?" என்று வைத்தியர் கேட்டார். சுபாதான் சொன்னாள், அவருக்கும் இருந்தது, அவர் காட்டவில்லை என்று. ஒரு வருடத்துக்கு முன்னர் நீங்கள் வாயைத் திறந்திருந்தால் இந்தப் பிள்ளையின் கண்ணை அப்போதே பார்த்திருப்பார்கள். அந்த ஒரு வருடத்தில் அவளுடைய இடது கண் எவ்வளவு கூம்பியது என்று யாராலும் சொல்ல முடியாதாம். இதற்கு உங்களை மன்னிக்கலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுபா கேட்டாள், "அப்பா ஏன் நம்மிடம் சொல்லவில்லை?" ஆண்களுக்கு வீம்பு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த வீம்பு உங்களுடையது இல்லையே. நீங்கள் ஒரு நாளும் உங்கள் கண்ணைப் பற்றிப் பெருமை பேசவில்லை. பேசியது முழுக்க நான். நீங்கள் தக்காளிப் பேணி அடுக்கியது எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கத்தான் உங்கள் கண்ணை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். வால் தெரிந்தபோது அதைச் சொல்ல உங்களுக்கு வீட்டில் ஒரு இடம் இருக்கவில்லை, கடைக்காரரிடம் போய்ச் சொன்னீர்கள்.

"நான் கேக்கிற ஆளா இருக்கேல்லை, பிள்ளை" என்று சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, வில்லை போடப் பயமாக இருக்கிறது என்றாள். ஒன்றுமில்லை, எல்லாம் சரிவரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, "என்ன பயம், சொல்லு" என்று கேட்டேன். வீட்டு நிறுத்தம் வரும் வரைக்கும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வில்லை வருகிறது. வங்கியில் அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். உங்களிடம் கேட்காத கேள்வியையெல்லாம் அவளிடம் கேட்பேன், அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டமென்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் மேல் கோபம் தீராத,
சுபாவின் அம்மா