மோட்டார் சைக்கிளை விற்கக்கூடாததற்கு ஐந்து காரணங்கள்

வெள்ளிக்கிழமை. இரவு இஷா தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

நாளை காலை என் மோட்டார் சைக்கிளை வாங்க ஒருவர் வருகிறார். எனக்கு வயதாகிவிட்டதென்று மனைவிதான் அவரை ஏற்பாடு செய்தாள். விற்க எனக்கு மனமில்லை. காரணங்களை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மாலையில் கல்முனைக்குப் போய்த் திரும்புகையில், பெற்றோல் செட்டில் அவள் இறங்கி நின்றாள். பெற்றோல் அடித்தபின் மூடியை இரண்டு தடவை சரிபார்த்தேன், கண்ணாடியைத் திருத்தினேன், புறப்பட்டேன். சாய்ந்தமருதில் வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து காரணங்களையும் சொல்லி முடித்தேன். எஞ்சின் நூறு சீசீதான், ஒரு லீற்றர் பெற்றோல் ஒரு வாரத்துக்குக் காணும் என்பது மூன்றாவது. அவள் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. இவ்வளவு எளிதா என்று மகிழ்ந்துபோனேன். வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் சீற்றில் ஆள் இல்லை.

பதறிப்போய் மோட்டார் சைக்கிளைத் திருப்புவதற்குள், அவளுடைய தம்பி தன் பெரிய பைக்கில் அவளைக் கொண்டுவந்து இறக்கினான். முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பொண்டாட்டிய செட்டில உட்டுட்டு வாற மனிசன் நீங்க!"

பிறகு தம்பியைப் பார்த்து முறைத்தாள்.

"இவன் ஓட்டல்ல, பறக்கான். என்ட உசிரு போய் வந்திச்சு. நம்மட சைக்கிள விக்க வேணாம். ஒங்கள்ட்ட இருந்து உழுந்தாலும் நோகாது."

"ஓம்" என்றேன்.

காரணங்களை இனிச் சொல்லப்போவதில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாள். நாளை வருகிறவரிடமும் அவளே பேசட்டும். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.